பழைய விமானம், பிரான்சில் ஒரு வார இறுதி: ராயபுரத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ராயபுரத்தில் கிளியரிங் ஏஜென்சி வேலை, அதாவது துறைமுகச் சரக்குக்குச் சுங்கக் காகிதம் பார்ப்பது. அக்கா மகன் இங்கிலாந்தில் விமான மெக்கானிக். நான்கு பழைய டைகர் மாத் விமானங்களை வைத்துப் பறக்கும் ஒரு சிறு குழுவுக்கு லீவு நாட்களில் கைகொடுக்கிறான். அந்தக் குழு பிரான்சில் ஒரு ஏர் ஷோவுக்குப் போய்வந்த வீடியோவை அவன் அனுப்ப, நான் அதை நாலு பேருக்குக் காட்டினேன். அதிலிருந்து டீக்கடை, சர்ச் வாசல், யார்டு என்று எங்கே போனாலும் ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். பதில்களில் பாதி அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது, மீதி என் தொழிலில் வந்தது.

"வின்டேஜ் டீம்னா இன்னாண்ணா? மெரினால வித்த காட்டுச்சே, அந்த மாதிரியா?"

மெரினாவில் 2024 அக்டோபர் 6-ஆம் தேதி பார்த்தது இந்திய விமானப்படையின் ஷோ. அதில் ரஃபேல், சூர்யகிரண் எல்லாம் வந்தன. நடுவே மெதுவாக வந்த டகோட்டாவும் ஹார்வர்டும்தான் வின்டேஜ் வகை. இரண்டாம் உலகப் போர் காலத்து ரகங்கள், இன்னும் பறக்கும் நிலையில் வைத்திருக்கிறார்கள்.

வெளிநாடுகளில் இந்த மாதிரி விமானங்களைப் பெரும்பாலும் தனியார்தான் வைத்திருக்கிறார்கள். நான் சொல்லும் குழுவின் டைகர் மாத், 1931-ல் முதலில் பறந்த பயிற்சி விமானம். மேலும் கீழுமாக ரெண்டு இறக்கை, திறந்த இருக்கை, 130 குதிரைசக்தி இன்ஜின், மணிக்கு 130 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். இறக்கையின் சட்டம் மரம், மேலே போர்த்தியிருப்பது துணி.

"உங்க அக்கா பையன் பைலட்டா?"

இல்லை. தரையில் நிற்பவன். இறங்கின விமானத்தைத் துடைப்பது, எண்ணெய் பார்ப்பது, இறக்கைக் கம்பிகளின் இழுவை பார்ப்பது, இரவில் கட்டிப்போடுவது எல்லாம் அவன் வேலை. டைகர் மாத்தில் செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, முன்னால் நின்று விசிறியைக் கையால் சுற்றிவிட வேண்டும். அதுவும் அவன்தான்.

இதில் விளையாட்டே இல்லை. 'சுவிட்ச் ஆஃப்' என்று இவன் கத்தினால் உள்ளே இருப்பவரும் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். சில சுற்று சுற்றி பெட்ரோலை உள்ளே இழுத்த பிறகுதான் 'கான்டாக்ட்', அதாவது சுவிட்ச் ஆன், என்ற சொல் வரும். அடுத்த இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். சுவிட்ச் ஆஃப் என்று சொல்லியிருந்தாலும் விசிறி எந்த நேரமும் சுற்றலாம் என்று நினைத்துத்தான் கை வைக்க வேண்டும். பிரேக்கும் கிடையாது, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும்.

"நாங்க இட்டுனு போற நாப்பது அடி பாக்ஸ்ல பிளேன் போவுமா, இல்ல பறந்தே போயிடுவாங்களா?"

டிரெய்லர் ஓட்டும் தம்பி கேட்டது, எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. பாக்ஸில் போகும். நாற்பது அடி கண்டெய்னரின் உள் நீளம் 12 மீட்டர் சொச்சம், அகலம் 2.35 மீட்டர், ஹை க்யூப் என்ற உயரம் கூடிய ரகம் என்றால் உயரம் 2.69 மீட்டர். டைகர் மாத்தின் நீளம் 7.3 மீட்டர். இறக்கைகளை வைத்துப் பார்த்தால் 8.94 மீட்டர் அகலம், ஆனால் அவை கழன்றுவிடும். உடம்பை நடுவில் நிறுத்தி, இறக்கைகளை மெத்தை வைத்துப் பக்கச்சுவர் ஓரமாக நிமிர்த்திக் கட்டலாம். டேங்க் காலி செய்திருக்க வேண்டும், பேட்டரி இருந்தால் கழற்ற வேண்டும், மரச் சட்டங்களில், பூச்சி சாகச் சூடுபடுத்தியதற்கான வெப்பச் சிகிச்சை முத்திரை இருக்க வேண்டும். இதெல்லாம் நம் ஆட்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

பிரச்சினை இறங்கின பிறகு. இறக்கையை மாட்டி, கம்பிகளை முறுக்கி, கோணம் அளந்து, சோதனைக்கு ஒரு தடவை பறந்து பார்த்த பிறகுதான் ஷோ. ரெண்டு நாள் ஷோவுக்கு இது கட்டுபடியாகாது. கடல் தாண்டி ஒரு சீசன் முழுக்க வேலை இருந்தால்தான் கண்டெய்னர். கப்பலில் விமானம் வருவது நமக்குப் புதுசும் இல்லை. 1911 பிப்ரவரி 18-ல் அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களோடு ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு பைலட் பறந்தாரே, அந்த விமானமே பம்பாய்க்குக் கப்பலில் பெட்டியில் வந்ததுதான்.

இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்கு என்றால் பறந்தே போய்விடுகிறார்கள். உதிரி பாகங்களும் ஆட்களும் வேனில், ஃபெரி ஏறி வருவார்கள்.

"நடுக்கடல்ல இன்ஜின் நின்னா இன்னா பண்ணுவாங்க?"

காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பார்ப்பவர் கேட்டார். அவர் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். டோவருக்கும் கலேவுக்கும் நடுவே கடல் 33 கிலோமீட்டர். 1909 ஜூலை 25-ல் பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் முதல்முதலாக அதை விமானத்தில் தாண்ட முப்பத்தேழு நிமிஷம் போல ஆனது. டைகர் மாத்துக்குக் கால் மணி நேரம் போதும். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் நட்டநடுவே இன்ஜின் நின்றால், ஐயாயிரம் அடியில் இருந்தாலும் சறுக்கிக்கொண்டே கரை சேர்ந்துவிடலாம் என்று நம்ப முடியாது. சக்கரம் உள்ளே மடங்காது, தண்ணீரில் பட்டதும் குப்புறக் கவிழ்த்துவிடப் பார்க்கும்.

அதனால் குறுகலான இடத்தில்தான் தாண்டுகிறார்கள். முடிந்த அளவு உயரம் ஏறுகிறார்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே போட்டுக்கொள்கிறார்கள். அதைவிட முக்கியம், தனியாகப் போவதில்லை. காசிமேட்டிலிருந்து படகுகள் ஜோடி சேர்ந்து ஆழ்கடல் போவது போலத்தான்: ஒன்று விழுந்தால் இன்னொன்று மேலேயே சுற்றி, ரேடியோவில் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

"சனி ஞாயிறு ரெண்டு நாளும் பறந்துனே இருப்பாங்களா?"

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவர்கள் போனது பாரிசுக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டர் போல இருக்கும் லா ஃபெர்தே-அலே. ஆண்டுதோறும் பெந்தெகொஸ்தே வார இறுதியில் அங்கே பழைய விமானங்களின் ஷோ நடக்கும். புல்தரை ஓடுபாதை. பிரேக் இல்லாத, வாலில் சக்கரத்துக்குப் பதில் சறுக்குக்கட்டை வைத்த டைகர் மாத்துக்கு சிமென்ட்டைவிடப் புல்தான் ஒத்துவரும்.

வெள்ளிக்கிழமை இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலிருந்து கிளம்பி, கடல் தாண்டி, சுங்கச் சோதனை உள்ள லெ துகே விமான நிலையத்தில் இறங்கி, பாஸ்போர்ட் காட்டி, பெட்ரோல் போட்டு, திரும்ப ஏறுகிறார்கள். டேங்க் மேல் இறக்கையின் நடுவில் இருக்கிறது, 86 லிட்டர்தான். மணிக்கு முப்பது லிட்டர் குடிக்கும் இன்ஜினை வைத்துக்கொண்டு அந்த தூரத்தை ஒரே மூச்சில் போக நினைப்பது வீம்பு. எதிர்க்காற்று மணிக்கு நாற்பது கிலோமீட்டர் என்றால் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. கீழே லாரிகள் முந்திக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே வரலாம். திறந்த இருக்கை, மே மாதத்திலும் குளிர் எலும்பில் இறங்கும்.

ஷோ நாளில் காலையில் பிரீஃபிங். பைலட்டுகள் எல்லோரும் உட்கார வேண்டும். வராதவர் அன்று பறக்க முடியாது. வானிலை, யாருக்குப் பின் யார், எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, யாருக்காவது கோளாறு என்றால் மற்றவர்கள் எங்கே காத்திருப்பது, எல்லாம் அங்கே பேசப்படும். கடிகாரத்தை எல்லோரும் ஒரே நேரத்துக்கு வைத்துக்கொள்வார்கள். பிறகு காத்திருப்பு. கூட்டம் விமானத்தின் பக்கத்தில் வந்து பார்க்கும், குழந்தைகள் துணியைத் தட்டிப் பார்க்கும், இவன் 'தொடாதே' என்பதைப் பிரெஞ்சில் சொல்லிப் பழகுவான். மத்தியானம் இவர்கள் முறை வந்தால் எட்டு, பத்து நிமிஷம். நான்கும் வைர வடிவத்தில் ஒரு சுற்று, பிறகு பிரிந்து எதிரெதிரே வருவது, மேலேயிருந்து காகிதச் சுருளை அவிழ்த்துவிட்டு அதை இறக்கையால் வெட்டுவது. இறங்கிவிடுவார்கள். ஞாயிறும் அதே கதை.

கணக்குப் பார்த்தால் கூட்டத்துக்கு முன்னால் பறந்தது ரெண்டு நாளும் சேர்த்து அரை மணி நேரத்துக்கும் குறைவு. போகவர மட்டும் பல மணி நேரம். ஷோ என்று நாம் பார்ப்பது அந்த வேலையின் சின்ன நுனிதான். எனக்கு மீதிதான் சுவாரசியம்.

"பின்னாடி வெள்ளையா புகை வுடுதே, டீசலா?"

லேசான மினரல் ஆயில். சூடான புகைபோக்கிக் குழாயில் பீய்ச்சுகிறார்கள், அது ஆவியாகி வெளியே வந்ததும் வெண்புகையாகத் தெரிகிறது. எரிவதில்லை. கலர் வேண்டுமென்றால் சாயம் கலப்பார்கள், ஆனால் அப்புறம் விமானத்தைக் கழுவுகிறவன் பாடு திண்டாட்டம்.

"மெரினால அந்த மஞ்ச பிளேனு ஸ்லோவா வந்துச்சு, ஆனா சத்தம் காத கிழிச்சுதே?"

ஹார்வர்டைச் சொல்கிறீர்கள். அதில் 600 குதிரைசக்தி இன்ஜின், நடுவே கியர் இல்லாமல் விசிறியை நேராகச் சுற்றுகிறது. முழு வேகத்தில் விசிறியின் நுனி கிட்டத்தட்ட ஒலியின் வேகத்தைத் தொடும். காதைக் கிழிப்பது அந்த நுனிதான், இன்ஜின் இல்லை.

அதன் சிலிண்டர்கள் வட்டமாக அடுக்கியிருக்கும். நிறுத்தி வைத்தால் எண்ணெய் கீழ் சிலிண்டர்களில் போய்த் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் எண்ணெயை நசுக்க முடியாமல் உள்ளே ஏதாவது வளையும், உடையும். அதற்காகத்தான் முதலில் விசிறியைக் கையால் மெல்லச் சுற்றுகிறார்கள். ஸ்டார்ட் ஆனதும் வரும் புகைமூட்டம் மிச்ச எண்ணெய் எரிவது. எண்ணெய் ஒழுகவில்லை என்றால் உள்ளே எண்ணெயே இல்லை என்று அர்த்தம் என்று மெக்கானிக்குகள் கிண்டலடிப்பார்கள்.

"பெட்ரோல் இன்ஜின்தானே? நம்ம பங்க்லயே போட்டுக்கலாமே?"

அதற்கென்று ஆவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல் இருக்கிறது. பரவலாகக் கிடைப்பது 100 எல்எல், நீல நிறத்தில் இருக்கும், இன்றைக்கும் ஈயம் கலந்தது. பெரிய விமான நிலையங்களில் ஜெட்டுக்கான மண்ணெண்ணெய் வகைதான் தாராளமாகக் கிடைக்கும், ஆவ்கேஸ் பல இடங்களில் இருக்காது. அதனால் ஷோ நடத்துபவர்களிடம் முதலில் கேட்கும் கேள்வியே 'எங்களுக்கு ஆவ்கேஸ் இருக்கிறதா' என்பதுதான். நம் பங்க் பெட்ரோலில் எத்தனால் வேறு. பழைய காலத்து ரப்பரும் சீலும் அதற்குச் செய்யப்பட்டவை இல்லை.

"ஸ்பானருக்குக்கூட பாஸ்போர்ட் வேணும்னு சொன்னியே, சும்மா கலாய்க்கிறியா?"

நிஜம்தான். ஏடிஏ கார்னே என்று ஒரு புத்தகம். 1961-ல் பிரசல்ஸில் போட்ட ஒப்பந்தத்திலிருந்து வந்தது. கண்காட்சிக்கோ தொழிலுக்கோ ஒரு பொருளை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்த் திருப்பி எடுத்துவரப் போகிறோம், விற்கப் போவதில்லை, அதனால் வரி வேண்டாம் என்பதற்கான உத்தரவாதம். அதிகபட்சம் ஒரு வருஷம் செல்லும். இந்தியாவில் இதைக் கொடுப்பது ஃபிக்கி என்ற வர்த்தகத் தொழில் கூட்டமைப்பு. பச்சை அட்டை, உள்ளே மஞ்சள் தாள் சொந்த நாட்டை விட்டுப் போகவும் திரும்பவும், வெள்ளைத் தாள் அடுத்த நாட்டுக்குள் நுழையவும் வெளியேறவும், நீலம் வழியில் கடக்கும் நாட்டுக்கு.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தின் சந்தையை விட்டு வெளியே வந்த பிறகு, 2021 முதல், இவர்கள் வேனில் இருக்கும் கருவிகளுக்கும் இது தேவைப்படுகிறது. ஜாக்கி, மேக்னெட்டோ (இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுப்பது), டயர், ஸ்பானர் செட் என்று ஒவ்வொன்றும் பட்டியலில் ஏற வேண்டும்: பெயர், எண்ணிக்கை, எடை, மதிப்பு, எந்த நாட்டுத் தயாரிப்பு. புத்தகம் கையில் வந்தபின் ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது. தீர்ந்துபோகும் பொருள், அதாவது எண்ணெய், துடைக்கும் துணி, இதில் வராது, திரும்பி வராதே. எல்லையில் ஒவ்வொரு தடவையும் முத்திரை வாங்க வேண்டும். ராத்திரி ஃபெரியில் தூக்கக் கலக்கத்தில் ஒரு முத்திரை விட்டுப்போனால், சாமான் திரும்பவே இல்லை என்று எடுத்துக்கொண்டு மாதங்கள் கழித்து வரி கேட்டுக் கடிதம் வரும். இதை மட்டும் அக்கா மகனுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். விமானத்தைப் பற்றி அவன் எனக்குச் சொன்னதற்கு ஈடாகிவிட்டது.

"அப்ப பிளேனுக்கே அந்த புக்கு வேணாமா?"

பறந்து வரும் விமானம் வாகனம், சரக்கு இல்லை. தற்காலிகமாக வந்து போகும் வாகனத்துக்கான விதி அதற்குப் பொருந்தும். கண்டெய்னரில் பிரித்து வந்தால்தான் அது சரக்கு, அப்போது கார்னே.

ஆனால் வேறொரு சிக்கல் உண்டு. 1944-ன் சிகாகோ ஒப்பந்தப்படி, முறையான பறக்கும் தகுதிச் சான்றிதழ் உள்ள விமானத்தை மற்ற நாடுகளும் ஏற்றுக்கொள்ளும். பழைய விமானங்கள் பலவற்றுக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது, அந்தந்த நாடு கொடுக்கும் 'பெர்மிட் டு ஃப்ளை' மட்டும்தான். அதற்கு எல்லைக்கு வெளியே தானாக மதிப்பில்லை. எந்த நாட்டுக்கு மேலே பறக்கிறார்களோ அந்த நாடு சம்மதிக்க வேண்டும். பக்கத்து நாடுகள் சிலவற்றுக்குள் பொது ஏற்பாடு இருப்பதால் ஐரோப்பாவில் சமாளிக்கிறார்கள். பல நாடுகளைத் தாண்டுவதென்றால் கடிதப் போக்குவரத்தே ஒரு தனி வேலை.

"செலவு யாரு குடுக்கறது? பைலட்டுக்கு நல்ல சம்பளமா?"

ஷோ நடத்துபவர்கள் பெட்ரோல், தங்குமிடம், சாப்பாடு பார்த்துக்கொள்வார்கள். சிலருக்குக் கட்டணமும் உண்டு. ஆனால் இந்த மாதிரிச் சின்னக் குழுக்களில் பைலட்டுகள் பலர் காசு வாங்காமல் பறப்பவர்கள், திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகிறவர்கள். விமானத்தை ஐந்தாறு பேர் பங்கு போட்டு வைத்திருப்பது அங்கே சகஜம். இன்சூரன்ஸ், ஹேங்கர் என்ற விமானக் கொட்டகையின் வாடகை, இன்ஜின் பிரித்துப் பார்க்கும் செலவு எல்லாம் அவர்கள் தலையில். ஒளிப்பானேன், கையில் காசு உள்ளவர்களின் ஆசைதான் இது.

"அவ்ளோ தூரம் போயி மழ வந்துட்டா?"

நனைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். மரத்தில் செய்த விசிறியின் விளிம்பை மழைத்துளியே அரித்துவிடும். மேகம் தாழ்ந்திருந்தால் தலைகீழ் சுழலும் வித்தைகளை விட்டுவிட்டுக் கிடைமட்டமாக மட்டும் பறக்கும் ஒரு திட்டம் தயாராக வைத்திருப்பார்கள். குறுக்குக் காற்று அதிகம் என்றால் அதுவும் இல்லை.

ஷோ ரத்தானால் ஏமாற்றம், அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்பும் நாளில் வானம் மூடினால்தான் உண்மையான சோதனை. நாளைக்கு வேலைக்குப் போகணும் என்ற அவசரத்தில் கிளம்பிச் செத்தவர்கள் விமான வரலாற்றில் நிறைய. அதனால் விமானத்தை அங்கேயே ஹேங்கரில் விட்டுவிட்டு ரயில் ஏறி வீட்டுக்கு வந்து, அடுத்த வாரம் போய் எடுத்துவருவதை யாரும் கேவலமாக நினைப்பதில்லை.

"இதுல சாவெல்லாம் வருதே, எதுக்கு இந்த வம்பு?"

வருகிறது, மறுக்க முடியாது. 2015 ஆகஸ்ட் 22-ல் இங்கிலாந்தின் ஷோரம் ஷோவில் ஒரு பழைய ஹண்டர் ஜெட் சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். யாரும் டிக்கெட் வாங்கி உள்ளே நின்றவர்கள் இல்லை, வெளியே சாலையில் இருந்தவர்கள். அதன் பிறகு அங்கே விதிகள் இறுகின. 2022 நவம்பர் 12-ல் அமெரிக்காவின் டாலஸில் ரெண்டு போர்க்கால விமானங்கள் நடுவானில் மோதி, அவற்றில் இருந்த ஆறு பேரும் இறந்தார்கள்.

கூட்டத்துக்கும் பறக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி வைப்பது இதற்காகத்தான். அமெரிக்காவில் வேகத்தைப் பொறுத்து 500, 1,000, 1,500 அடி என்று மூன்று அளவு. கூட்டத்தை நோக்கி வித்தை காட்டுவதற்கே தடை. நம் ஊரிலோ பேராபத்து தரையில் இருந்தது. மெரினா ஷோ அன்று வானத்தில் ஒன்றும் ஆகவில்லை. கீழே வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் போய்விட்டார்கள். விமானத்தைப் பயந்து பேசுகிறவர்கள் தண்ணீர்ப் பந்தலையும் வெளியேறும் வழியையும் பற்றியும் கேட்கலாம்.

"வெளிநாட்டு டீமு நம்ம ஊருக்கு ஏன் வர்றதில்ல?"

வருவதுண்டு, பெங்களூர் எலகங்காவில் நடக்கும் ஏரோ இந்தியாவுக்கு. இறக்கை மேல் பெண்கள் நின்றபடி பறக்கும் ஸ்காண்டிநேவியக் குழு அங்கே வந்திருக்கிறது. பறந்தே வருவதும் முடியாதது இல்லை: இங்கிலாந்தில் புதுப்பித்த டகோட்டா, 'பரசுராமா' என்று பெயரிட்டு விபி 905 எண் தாங்கியது, 2018 ஏப்ரல் 17-ல் கிளம்பி 25-ஆம் தேதி ஜாம்நகர் வந்து சேர்ந்தது. ஆனால் அது சொந்தமாக வைத்துக்கொள்ள வந்தது. ரெண்டு நாள் ஷோவுக்கு அத்தனை நாடுகளின் அனுமதி, ஆவ்கேஸ், நேரம் என்றால் யாரும் துணியமாட்டார்கள்.

சென்னைக்கு இதில் பழைய பெருமை ஒன்று உண்டு. 1910-லேயே மவுன்ட் ரோடு ஓட்டல்காரர் டி'ஏஞ்சலிஸ், சிம்சன் பட்டறையில் விமானம் செய்து பல்லாவரத்தில் பறந்து, பிறகு தீவுத்திடலில் டிக்கெட் போட்டுக் காட்டினார்.

"அது வெள்ளக்காரன் சண்டைக்கு கட்டுன பிளேனு. அத்த நாம ஏன் மாமா கொண்டாடணும்?"

காலேஜ் படிக்கும் பையன் கேட்டது, நியாயமான கேள்வி. 1942-ல் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியானபோது துறைமுகத்தை ஒட்டிய எங்கள் பகுதி எப்படி இருந்தது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் போர் நாம் கேட்டு வாங்கியதில்லை. ஆனால் அதே டைகர் மாத்தில்தான் இந்திய விமானப்படை பைலட்டுகளும் பறக்கக் கற்றார்கள். 1947 அக்டோபர் 27-ல் ஸ்ரீநகருக்குச் சீக்கிய ரெஜிமென்ட் வீரர்களை இறக்கியது டகோட்டா. கொண்டாடச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. எனக்கு அந்த இன்ஜின் பிடிக்கும், கொடி எதுவானாலும்.

"என் பையன் இந்த வேலைக்கு போவணும்னா இன்னா படிக்கணும் தம்பி?"

விமானப் பராமரிப்பு இன்ஜினியர் படிப்பு இருக்கிறது, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் உரிமத் தேர்வு எழுத வேண்டும். அதில் கற்றுத்தருவது பெரும்பாலும் இன்றைய விமானங்களைத்தான். மரம், துணி, மேக்னெட்டோ எல்லாம் வேலைக்குப் போன பிறகு வயசான ஒருவர் பக்கத்தில் நின்று கற்பது. அவசரப்படாத பையன் என்றால் அனுப்புங்கள் அக்கா.

"துணி மாத்தினாங்க, மரம் மாத்தினாங்க, இன்ஜினும் மாத்தினாங்க. அப்புறம் எப்படி அது 1940 பிளேனு?"

யார்டில் இதற்கு ஒரு முழு மத்தியானம் சண்டை நடந்தது. அந்தத் துறையில் பிடித்துக்கொள்வது விமானத்தில் அறைந்திருக்கும் அடையாளத் தகட்டையும், அதன் எண்ணோடு தொடர்ச்சியாக வரும் பதிவேட்டையும். எந்த வருஷம் எதை மாற்றினார்கள், யார் கையெழுத்து என்று பதிவேட்டில் விடாமல் இருந்தால் அது அதே விமானம். தகட்டை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றிலும் புதிதாகக் கட்டியவையும் உண்டு. அவற்றைப் பற்றி அவர்களுக்குள்ளேயே முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், விலையும் அதற்கேற்ப மாறும்.

எங்கள் தொழிலில் இந்தத் தகராறு இல்லை. கார்னே பட்டியலில் என்னென்ன எழுத வேண்டும் என்று மேலே சொன்னேனே, அதில் வயசுக்குக் கட்டம் கிடையாது. மதிப்புக்கு உண்டு. அதை எவ்வளவு என்று போடுவது என்பதில்தான் உரிமையாளருக்கும் இன்சூரன்ஸ்காரருக்கும் நடுவில் உட்கார்ந்து நாங்கள் முழிப்போம்.